நரமாமிசத் தட்டில் எறும்புகள்

அத்தியாயம் மூன்று

தட்டில் ஒரு மனிதக் கை கிடந்தது. முழங்கையிலிருந்து உள்ளங்கைவரை முழுசாக இருந்தது; விரல்களில் மூன்றை மட்டும் யாரோ கடித்துத் தின்றிருந்தார்கள். கடித்த இடத்தைச் சுற்றி எறும்புகள் வரிசை கட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தன. காலையிலிருந்து அந்தக் கட்டடத்தில் முணுமுணுக்காமல் வேலை பார்த்தவர்கள் என்று எடுத்துக்கொண்டால் அந்த எறும்புகள் மட்டும்தான்.

"தொடாதீங்க ஸ்பீக்கர்," என்றார் மேடம்.

"தொடறதா? காலையில தின்ன ரொட்டியை உள்ளேயே வச்சுக்கறதுக்கே பாடுபட்டுக்கிட்டு இருக்கேன்."

"போட்டோ எடுங்க. எறும்பு தெரியற மாதிரி."

எடுத்தேன். மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு காட்டுகிறவர்களைப் பிடித்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. மனிதர்கள்மேல் இருந்த நம்பிக்கை அதற்கு முன்பே தேய்ந்துபோனது. நான் அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, பேசக் கூடாத இடத்தில் பேசுவது ஆகிய மூன்றும் என் இலாகா. ஸ்பீக்கர் என்று அவர் கூப்பிடுவது சட்டசபை நாற்காலி கொடுத்து அல்ல. கூட்டம் முடிந்த பிறகும் அணைக்க மறந்துவிடுகிற சாமான் இருக்கிறதே, அது நான்.

நாங்கள் இருந்தது ஒரு சாப்பாட்டு அறை. மூன்று பக்கம்தான் சுவர், அதுவும் பிளைவுட். நான்காவது பக்கம் கேமராவுக்காகத் திறந்துவிடப்பட்டிருந்தது. இந்த அறையில்தான் போன திங்களும் செவ்வாயும் ஒரு திகில் படத்தின் முக்கியமான காட்சியை எடுத்தார்கள். கதாநாயகன் மனித மாமிசம் சாப்பிடும் காட்சி. செவ்வாய் மாலை கடைசி டேக் முடிந்து எழுந்த கதாநாயகன் நாலு அடி நடந்து, அப்படியே மடங்கி விழுந்தான். இன்றைக்கு வியாழன். அவன் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறான். மூச்சு தானாக வரவில்லை. இருதயம் நினைத்தபோது அடிக்கிறது.

காலை எட்டு மணிக்கு எங்கள் ஆபீஸ் வாசலில் அவனுடைய அக்கா நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். உள்ளங்கை இரண்டும் பீட்ரூட் கறையில் சிவந்திருந்தன. சினிமாவில் நடிகர்கள் வாயில் வைக்கிற போலிச் சாப்பாட்டைச் செய்து கொடுப்பது அவர் தொழில். இந்தப் படத்தின் கையும் காலும் அவர் செய்ததுதான்.

"யாரோ என் தம்பிக்கு என்னமோ கலந்து குடுத்துட்டாங்க மேடம்," என்றார். "என்னன்னு தெரிஞ்சா டாக்டர் காப்பாத்திடுவாரு. இன்னிக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க."

"அவர் வேற எதுவும் சாப்பிட்டாரா?"

"எதுவும் இல்லை. ஷூட்டிங்ல வாயில வச்சதையும் வாளியில துப்பிட்டான். எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க."

மேடம் அதைக் குறித்துக்கொண்டார். அப்புறம் டாக்டருக்குப் போன் போட்டார். அந்த மனிதர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. படத்தின் பி.ஆர்.ஓ. செய்த கைங்கரியம் அவர் தலையில் விடிந்திருந்தது. நடிகன் விழுந்த அரை மணி நேரத்தில் 'படப்பிடிப்பில் நிஜ நரமாமிசமா?' என்று பத்திரிகைகளுக்குக் கதை கட்டி அனுப்பிவிட்டான் அந்தப் புண்ணியவான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலில் கேமராக்காரர்கள் பாய் விரிக்காத குறை.

"நிஜமாவே மனுஷ மாமிசமா இருக்க வாய்ப்பு உண்டா டாக்டர்?" என்று கேட்டார் மேடம்.

"இருந்தாலும் ரெண்டு நாள்ல ஆளைச் சாய்க்காதும்மா. மனுஷ மூளையைத் தின்னா வர்ற ஒரு வியாதி உண்டு. கை கால் நடுங்கும், காரணமே இல்லாம சிரிப்பு வரும், மருந்து கிடையாது. ஆனா அது உள்ள போய் வருஷக்கணக்கா தூங்கிட்டுத்தான் எழுந்திருக்கும். தின்னவன் தின்னதையே மறந்திருப்பான். ரத்தத்துல பரவுற காமாலை, கிருமி எல்லாமும் வரலாம், அதுக்கும் நாளாகும். இது அது எதுவும் இல்லை. ஏதோ விஷம்னு தேடறேன். தேடிக்கிட்டே இருக்கேன். என்ன தின்னான்னு சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அதனால்தான் இந்த அறை, இந்தக் கை, இந்த எறும்புகள்.

முதலில் மேக்கப்காரரைப் பிடித்தோம். நாற்காலியில் சாய்ந்து, கண்மேல் ஈரத் துணி போட்டுக்கொண்டிருந்தார். துணியை எடுக்காமலே பேசினார்.

"ரத்தம் ரெண்டு வகை சார். வாய் ரத்தம் ஒண்ணு, அதுல சர்க்கரை சேர்க்கக் கூடாதுன்னு கம்பெனி உத்தரவு. துணி ரத்தம் ஒண்ணு. துணி ரத்தத்துல பாத்திரம் தேய்க்கிற சோப்பு கலந்திருப்போம். அப்பதான் சட்டையைத் துவைச்சா வெளுக்கும். அடுத்த டேக்குக்குச் சட்டை வேணுமே."

"ரெண்டு பாட்டிலும் எங்க?" என்றார் மேடம்.

அவர் காலால் காட்டினார். இரண்டு பாட்டிலும் ஒரே அளவு, ஒரே மூடி, ஒரே சிவப்பு. எழுதி ஒட்டின சீட்டு இரண்டிலும் அழிந்திருந்தது. எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. பாட்டில் மாறியிருக்கிறது, சோப்பு ரத்தத்தை அந்த ஆள் இரண்டு நாள் விழுங்கியிருக்கிறான், கேஸ் முடிந்தது, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம்.

"மேடம், முடிஞ்சுது," என்றேன்.

"எறும்பை மறந்துட்டீங்களே."

"எறும்பு என்ன பண்ணுச்சு?"

"சோப்பு இருக்கிற இடத்துல எறும்பு வருமா? அந்தத் தட்டுல இருந்தது வாய் ரத்தம்தான். பாட்டில் மாறலை." அவர் எழுந்திருக்க முயன்றார். நான் கை கொடுத்தேன். "இன்னொண்ணும் இருக்கு. சமையல் ரூம் எங்க?"

சமையல் ரூம் என்பது செட்டுக்குப் பின்னால் தகரத்தில் அடைத்த ஒரு மூலை. ஒரு அடுப்பு, ஒரு குளிர்பதனப் பெட்டி, கை அச்சு, கால் அச்சு. சுவரில் டைப் அடித்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. கம்பெனியின் டயட்டீஷியன் கையெழுத்தோடு, நரமாமிசம் செய்யும் முறை. கடல்பாசி, பீட்ரூட் சாறு, தண்ணீர். இனிப்புக்குச் சர்க்கரை கூடாது, மாத்திரை மட்டும். நடிகர் தவறி விழுங்கினாலும் எடை ஏறக் கூடாது என்று கீழே அடிக்கோடு வேறு.

"நல்ல மனசு," என்றேன். "மனுஷனைத் தின்னாலும் தொப்பை விழாது."

மேடம் சிரிக்கவில்லை. "எனக்குச் சர்க்கரை வியாதி வந்து எட்டு வருஷம். இந்த மாத்திரைதான் காபியில போடறேன். அந்த டப்பா எங்க வீட்டு அலமாரியில மூடாம கிடக்கும். இன்னிவரைக்கும் ஒரு எறும்பு எட்டிப் பாத்தது இல்லை. மனுஷனை ஏமாத்தலாம், அதுங்களை ஏமாத்த முடியாது."

எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. "அப்போ தட்டுல இருந்தது நிஜச் சர்க்கரையா?"

"நிஜச் சர்க்கரை. இந்தத் தாள்ல இல்லாத சமையல்."

"யாரோ மாத்தியிருக்காங்க."

"யாரோ," என்றார் மேடம். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

டைரக்டர் எடிட்டிங் அறையில் இருந்தார். தாடி, சிவந்த கண், மேஜைமேல் ஆறு காலிக் காபிக் கோப்பை. திரையில் கதாநாயகன் முகம் அசையாமல் நின்றிருந்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், எலும்புக்கூட்டுக்குச் சட்டை போட்ட மாதிரி இருந்தான். மேடம் அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மேக்கப்பா?" என்றார்.

"நிஜம்," என்றார் டைரக்டர். அதில் பெருமை இருந்தது. "அறுபத்தஞ்சு கிலோவிலேர்ந்து நாப்பத்துநாலுக்கு இறக்கினோம். கதை அப்படிங்க. ஒரு குடும்பம், வீட்டுக்கு வர்ற விருந்தாளியைத் தின்னுடும். கடைசிப் பையன் மட்டும் மாட்டேன்னு பட்டினி கிடப்பான். ஒரு நாள் முடியாம போய் மேஜையில உக்காந்து தின்னுடுவான். அந்தப் பசி நிஜமா இருக்கணும். நடிக்க முடியாது."

"ஏன் நரமாமிசம்? பேய், பிசாசு எவ்வளவோ இருக்கே."

அவர் நாற்காலியைத் திருப்பினார். இந்தக் கேள்விக்கு அவர் பல பேட்டிகளில் பதில் சொல்லிப் பழகியவர். "பேய் வெளியில இருந்து வரும். கதவைச் சாத்திட்டா போச்சு. இது அப்படி இல்லை. சாப்பாட்டு மேஜைதான் மனுஷனுக்கு உலகத்துலயே பத்திரமான இடம். அங்க அம்மா பரிமாறுவாங்க, நம்ம கேள்வி கேக்காம சாப்பிடுவோம். அந்தத் தட்டுல மனுஷன் இருந்தா, அப்புறம் நம்பறதுக்கு எதுவும் பாக்கி இல்லை. தவிர, யாரை யாரு தின்னு வாழறாங்கங்கறதுதான் இந்த உலகமே. இருக்கப்பட்டவன் இல்லாதவனைத் திங்கறான். அதைத்தான் சொல்றேன்."

"சொல்றதுக்காக ஒருத்தனை இருபத்தொரு கிலோ தின்னுட்டீங்க," என்றேன்.

மேடம் என் காலை மிதித்தார். ஆனால் மெதுவாகத்தான்.

"அவர் முழு விருப்பத்தோட கையெழுத்துப் போட்டாரு," என்றார் டைரக்டர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எடை ஏறினா வேற ஆளைப் போடுவோம்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. இன்னும் ஆறு நாள் வேலை பாக்கி. நானும்தான் தூங்கலை."

"கடிச்சதை எல்லாம் துப்பிட்டாரா?"

"பின்ன? ஒவ்வொரு தடவை 'கட்' சொன்னதும் வாளி போகும். அவங்க அக்காவே பிடிப்பாங்க. எச்சில் வாளியை வேற யாரு பிடிக்கப்போறா. துண்டால மறைச்சுக்கிட்டுத்தான் துப்புவாரு. கூச்ச சுபாவம்."

வாளி செட்டின் மூலையிலேயே இருந்தது. நீல நிற பிளாஸ்டிக் வாளி. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

"துப்புத் துலக்க வந்துட்டுத் துப்பின வாளியைத் துலக்கற நிலைமை ஆயிடுச்சு மேடம்."

"இந்த ஜோக்கைக் காலையிலேர்ந்து வச்சிருந்தீங்களா?"

"சமையல் ரூம்லேர்ந்து."

"உள்ளே பாருங்க. அடியில என்ன ஒட்டியிருக்கு?"

கடையில் ஒட்டுகிற தாள். அளவு, நிறம், கறுப்புக் கோடுகள். நான் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மொடமொடப்பாக இருந்தது. ஓரம்கூட எழும்பவில்லை. வாங்கின அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி.

"எத்தனை டேக் எடுத்தாங்க?" என்று கேட்டார் மேடம்.

அந்தக் கேள்விக்குப் பதில் கன்டினியூட்டி பார்க்கும் பெண்ணிடம் இருந்தது. ஒரு டேக்கில் இருந்த சட்டைப் பொத்தான் அடுத்த டேக்கிலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பது அவள் வேலை. கழுத்தில் கேமரா, கையில் தடித்த ஃபைல். கேட்டதும் புரட்டாமலே சொன்னாள்.

"முப்பத்தொண்ணு. திங்கள் பதினாறு, செவ்வாய் பதினஞ்சு. ஒவ்வொண்ணுக்கும் மூணு விரல். கை ஒண்ணுதான், விரலை மட்டும் அக்கா புதுசு புதுசா மாட்டிக்கிட்டே இருந்தாங்க."

"முப்பத்தோரு தடவை ஒரு மனுஷன் எச்சில் துப்பின வாளியில, காகிதம் நனையாம இருக்கு," என்றார் மேடம் என்னிடம்.

"கழுவி வச்சிருப்பாங்க," என்றாள் அவள்.

"கழுவினா காகிதம் முதல்ல போயிருக்கும் கண்ணு. அந்த ஃபைல்ல அவரோட எடை இருக்கா?"

இருந்தது. தினமும் காலையில் அவனை மிஷினில் ஏற்றி, அச்சாகி வருகிற சீட்டைத் தேதிவாரியாக ஒட்டி வைத்திருந்தாள். நாற்பத்தைந்து, நாற்பத்து நாலரை, நாற்பத்து நாலு. அழகாக இறங்கிக்கொண்டே வந்தது. செவ்வாய்க்கிழமை காலைச் சீட்டில் மட்டும் நாற்பத்தைந்தரை. பக்கத்தில் பேனாவால் 'மிஷின் கோளாறு, பேட்டரி மாற்றவும்' என்று எழுதியிருந்தது.

"மாத்தினீங்களா?"

"மாத்தினோம். அப்பவும் அதேதான் காட்டுச்சு. டைரக்டர் மிஷினை உதைச்சாரு."

மேடம் அந்தச் சீட்டைப் படம் எடுக்கச் சொன்னார். "எடை இறக்கிக்கிட்டு இருக்கிற ஆளுக்கு ஒரே நாள்ல ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கு. மிஷின் பாவம், உண்மையைச் சொல்லிட்டு உதை வாங்கியிருக்கு."

அதற்குப் பிறகு கார்வரைக்கும் அவர் பேசவில்லை. நானும் வண்டியை எடுத்து இரண்டு சிக்னல் தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

"அக்காதானே மேடம்?" என்றேன் கடைசியில்.

"சமையல் அவங்க. வாளி அவங்க. துண்டு அவங்க."

"சொந்தத் தம்பியையா?"

"நம்மகிட்ட பொய் சொல்லியிருக்காங்க. அது மட்டும்தான் இப்ப தெரியும்." அவர் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். "இருபத்திரண்டு வருஷத்துல ஒண்ணு கத்துக்கிட்டேன் ஸ்பீக்கர். நம்ம ஆபீஸ் வாசல்ல முதல்ல வந்து நிக்கறவங்களைத்தான் கடைசியில திரும்பிப் பாக்க வேண்டியிருக்கு. சலிச்சுப் போச்சு."

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறும்போது மேடம் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். மூன்றாவது மாடித் தாழ்வாரத்தின் கடைசியில், கண்ணாடித் தடுப்புக்கு எதிரே இருந்த பெஞ்சில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா. எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"கிடைச்சுதா மேடம்? யாரு?"

"உக்காருங்க." மேடமும் பக்கத்தில் உட்கார்ந்தார். "வாளி நனையவே இல்லையேம்மா."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கை மட்டும் டப்பாவை இறுக்கிப் பிடித்தது.

"சுவத்துல ஒட்டின தாள்ல கடல்பாசியும் மாத்திரையும்தான் இருக்கு. நீங்க என்ன போட்டுச் செஞ்சீங்க?"

ஒரு நர்ஸ் சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அது போய் முடியும்வரை காத்திருந்துவிட்டு அவர் பேசினார்.

"வெண்ணெய். பேரீச்சம்பழம். ரொட்டித்தூள். கெட்டிப் பால், சர்க்கரைப் பாகு. நிறத்துக்கு மட்டும் பீட்ரூட்." கண்ணாடித் தடுப்பின் பக்கம் திரும்பினார். "எலும்பும் தோலுமா நின்னான் மேடம். ஒன்றரை மாசமா ஒரு நாளைக்கு ஒரு வெள்ளரிக்காயும் முட்டை வெள்ளையும். கடைசி ஒன்பது நாள் அதுவும் இல்லை. வெறும் தண்ணி, பால் இல்லாத காபி. அவன் எதிர்ல தட்டை வச்சு, கடி, ஆனா துப்புன்னா எப்படிங்க? எங்க அம்மா போனப்ப அவனுக்கு நாலு வயசு. இன்னிவரைக்கும் அவன் தட்டு காலியாகி நான் பாத்துக்கிட்டு இருந்ததே இல்லை. துண்டைப் பிடிச்சுக்கிட்டு, முழுங்குடா, யாரும் பாக்கலைன்னு நான்தான் சொன்னேன். முதல்ல மாட்டேன்னான். அப்புறம் அவனால நிறுத்த முடியலை."

எனக்கு எதையாவது பார்க்க வேண்டும் போல் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இதை ஏன் டாக்டர்கிட்ட சொல்லலை?" என்று கேட்டார் மேடம்.

"தெரிஞ்சா படத்துலேர்ந்து தூக்கிடுவாங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டான். பத்து வருஷமா ஒரு நல்ல வேஷத்துக்கு அலைஞ்சிருக்கான். அதோட, அது நல்ல சாப்பாடுதானே மேடம்? என் கையால செஞ்சது. டாக்டர் விஷத்தைத் தேடறாரு. அவர்கிட்ட போய் வெண்ணெயையும் பேரீச்சம்பழத்தையும் எதுக்குச் சொல்லணும்? வேற யாரோதான் என்னமோ கலந்திருக்காங்க. அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்ககிட்ட வந்தேன்."

பொய் சொல்கிறாரா என்று நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். பொய்யைப் பார்த்தால் மேடத்துக்கு இடது புருவம் ஏறும். ஏறவில்லை. அந்த அம்மாள் மனசாரத்தான் சொன்னார். சாப்பாடு ஆளைச் சாய்க்கும் என்பது அவர் கணக்கிலேயே இல்லை.

டாக்டர் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தார். கோட்டுப் பையில் கை, கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"நீங்களே சொல்லுங்க," என்றார் மேடம், அக்காவிடம்.

"வேஷம் போயிடும் மேடம்."

"வேஷம் போனா இன்னொண்ணு வரும். சொல்லுங்க. நான் சொன்னா அது கேஸ். நீங்க சொன்னா உங்க தம்பிக்கு உதவியா இருக்கலாம்."

அவர் எழுந்து நின்று சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் முதலில் பாதிக் காதோடுதான் கேட்டுக்கொண்டிருந்தார். 'ஒன்பது நாள்' என்று காதில் விழுந்ததும் பையிலிருந்து கையை எடுத்தார்.

"ஒன்பது நாளா? டயட்னு சொல்லி கம்பெனிக்காரங்க ஒரு சீட்டு குடுத்தாங்களே. அளவா சாப்பிடறாருன்னு டயட்டீஷியன் கையெழுத்து போட்டிருந்துச்சே."

மேடம் என்னைப் பார்த்தார். நான் எடைச் சீட்டுப் படத்தைக் காட்டினேன். டாக்டர் அதைப் பார்த்தார்.

"அதுக்கு மேல ரெண்டு நாள்ல எவ்வளவு சாப்பிட்டாரு?"

அக்கா கணக்குப் போட்டார். "தொண்ணூத்து மூணு விரல்."

வேறு எந்த இடமாக இருந்தாலும் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். டாக்டர் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். தம்பியின் கட்டிலுக்கு மேலே ஒரு பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அந்த பாட்டில்ல இருக்கிறது சர்க்கரைத் தண்ணி," என்றார் டாக்டர், தனக்குத்தானே சொல்வதுபோல. "ரெண்டு நாளா நானே ஏத்திக்கிட்டு இருக்கேன்."

அடுத்த நிமிஷம் அவர் உள்ளே இருந்தார். அவ்வளவு களைத்த மனிதரால் ஓட முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கை அந்தக் குழாயை மூடியது. நர்ஸுகள் ஓடினார்கள். யாரோ திரையை இழுத்தார்கள்.

அக்கா மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். மேடம் கையை உருவிக்கொள்ளவில்லை. அப்படியே ஒன்றேகால் மணி நேரம் போனது. நடுவில் பி.ஆர்.ஓ.விடமிருந்து போன் வந்தது. நரமாமிச விஷயத்தில் ஏதாவது புதிதாகக் கிடைத்ததா என்று கேட்டான். கிடைத்தது, ஒரு ஆளை உயிரோடு தின்ற கூட்டம் ஒன்று அகப்பட்டிருக்கிறது, உங்கள் ஆபீஸ் விலாசத்தைத்தான் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லி வைத்தேன்.

டாக்டர் வெளியே வந்து பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்தார்.

"ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்பு அடுப்பை அணைச்சுட்டு உக்காந்திருக்கும்," என்றார். "இருக்கிறதை வச்சு ஒப்பேத்திக்கும். அதுல திடீர்னு சர்க்கரையைக் கொட்டினா, அதை எரிக்கிறதுக்கு ரத்தத்துல மிச்சம் மீதி இருக்கிற பாஸ்பேட்ங்கற உப்புச் சத்தை எல்லாம் உறிஞ்சிடும். அப்புறம் இருதயத்துக்கும் இல்லை, மூச்சு விடற தசைக்கும் இல்லை. விஷம் எதுவும் கிடையாது. அந்த உப்பை எல்லாருக்கும் பாக்கற வழக்கம் இல்லை. எனக்கும் தோணலை. ஒரு பக்கம் விஷம்னாங்க, ஒரு பக்கம் நரமாமிசம்னாங்க, நான் ஊரை எல்லாம் சுத்திட்டு வீட்டை மறந்துட்டேன். இப்ப அந்த உப்பை ஏத்தறோம். இருதயம் கொஞ்சம் கேக்குது. ராத்திரி தாண்டணும்."

"அப்போ நான்தானா?" என்றார் அக்கா.

டாக்டர் தரையைப் பார்த்தார். மேடம்தான் சொன்னார்.

"பட்டினி போட்டது நீங்க இல்லை. ஆனா மறைச்சது நீங்க. ரெண்டுமே உண்மைதான். இப்ப அழுங்க, தப்பில்லை."

அவர் அழுதார். சத்தம் இல்லாமல், டப்பாமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். நான் கீழே போய் நாலு காபி வாங்கி வந்தேன். யாரும் குடிக்கவில்லை.

அவன் ராத்திரியைத் தாண்டினான். மறுநாள் நடுப்பகல் நாங்கள் போனபோது மூச்சுக்குழாயை எடுத்திருந்தார்கள். டாக்டர் முகம் கழுவி, சட்டை மாற்றியிருந்தார். எடைச் சீட்டுப் படத்தையும் டயட்டீஷியன் கையெழுத்துப் போட்ட டயட் சீட்டையும் கேஸ் ஃபைலில் சேர்த்துவிட்டதாகவும், அதைக் கேட்டு போலீஸிலிருந்து ஒருவர் வந்து போனதாகவும் சொன்னார். டைரக்டர் வாசல்வரை வந்து திரும்பிப் போனாராம். என்ன நினைத்துத் திரும்பினார் என்று யாருக்கும் தெரியவில்லை.

பிறகு டாக்டர் அக்காவைக் கூப்பிட்டு ஒரு சின்னக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார். உள்ளே வெளிர் நிறத்தில் ஏதோ கஞ்சி, அடி மறைகிற அளவுதான்.

"இன்னிக்கு நாலு ஸ்பூன். மூணு மணி நேரம் கழிச்சு நாலு. அழுதாலும் கெஞ்சினாலும் அஞ்சாவது கிடையாது. நர்ஸ் குடுக்கலாம். ஆனா நீங்க குடுத்தாத்தான் அவர் வாயைத் திறப்பாரு போல. உங்களால நிறுத்த முடியுமா?"

"முடியும்," என்றார் அவர்.

எனக்கு நம்பிக்கை இல்லை. மேடத்துக்கும் இல்லை என்று நினைக்கிறேன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு பாதி திறந்திருந்ததால் பேச்சு கேட்டது. தம்பி தலையணையில் சாய்ந்திருந்தான். அந்த முகத்தில் கண் இரண்டும் கிண்ணத்தை விட்டு நகரவில்லை. டைரக்டர் ஒன்றரை மாதம் பட்டினி போட்டு வாங்கின பார்வை அதுதான்.

ஒரு ஸ்பூன். இரண்டு. மூன்றாவதை அவர் கொஞ்சம் நிதானமாகக் கொடுத்தார். நாலாவதைக் கொடுத்துவிட்டு அவன் உதட்டைத் துடைத்தார். கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"அக்கா," என்றான் அவன். குரல் காற்றாகத்தான் வந்தது. "இன்னும் கொஞ்சம். ஒரே ஒரு வாய்."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அவன் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. பிறகு கிண்ணத்தை அவன் கைக்கு எட்டாத மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"போதும்டா," என்றார்.

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவர் அங்கேயே, அடுத்த மூன்று மணி நேரமும், அவன் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.